காலி நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்தார்கள்: கெஸ்டால்ட் பற்றி ஒரு வாசகியின் கேள்வி

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அரசு அலுவலகத்தில் வேலை, கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மகன். சாதி மாறிக் காதல் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா இவரிடம் பேசவில்லை. பேரன் பிறந்தபோதுகூட அம்மா மட்டும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா மாரடைப்பில் இறந்தார். தகவல் தெரிந்து ஓடிப்போனபோது எடுக்கத் தயாராக இருந்தார்கள். "முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சித்தி, அத்தை எல்லாரும் என்னையே பார்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

போன மாதம் தோழி ஒருவர் இவரை 'கெஸ்டால்ட் ஹீலிங்' என்ற இரண்டு நாள் பயிற்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஹோட்டல் ஹால், முப்பது பேர், கட்டணம் 9,500 ரூபாய். இரண்டாம் நாள் மதியம் பயிற்சியாளர் இவரை நடுவில் கூப்பிட்டு, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, "உங்க அப்பா உட்கார்ந்திருக்கார், உள்ள இருக்கறதெல்லாம் கத்திக் கொட்டுங்க" என்றார். இவர் தயங்க, சுற்றி இருந்தவர்கள் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கைதட்ட, கடைசியில் தான் நினைத்தே பார்த்திராத வார்த்தைகளை எல்லாம் கத்திவிட்டுக் கீழே உட்கார்ந்து அழுதிருக்கிறார். யாரோ அதை மொபைலில் படம் எடுத்தார்கள். அப்புறம் டீ பிரேக்.

அன்றிலிருந்து மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அலுவலகத்தில் காலியான பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. பயிற்சியாளரிடம் போன் செய்து சொன்னால், "உங்க கெஸ்டால்ட் பாதி திறந்து நிக்குது, முழுசா மூடணும்னா லெவல் டூ வாங்க, 45,000" என்கிறார். கணவர், "காசு பிடுங்கற டிராமா" என்கிறார். மகனோ, "கெஸ்டால்ட்னா லோகோ டிசைன்ல வர்றதும்மா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறான். கெஸ்டால்ட் என்றால் உண்மையில் என்ன, எனக்குள் ஏதாவது உடைந்துவிட்டதா, லெவல் டூ போகலாமா, பணமும் வீடியோவும் என்ன ஆகும்: இவைதான் கேள்விகள். கடைசி வரியாக, "அப்பா சாகும்போது என்னை ஒரு தடவையாவது நினைத்திருப்பாரா?" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லெவல் டூவுக்கு இப்போது போகவேண்டாம். மூன்று வாரம் தூக்கமில்லாமல் இருக்கும் ஒருவரை மறுபடி அதே சூட்டில் நிறுத்துவது சிகிச்சை ஆகாது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நீங்களாகவே நீட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள். தூக்க மாத்திரைகளில் சில எளிதில் பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல் தரும். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஏழெட்டு வரிதான் இருக்கிறது. அந்த ஹால், அந்தக் கைதட்டல், மொபைலைத் தூக்கிப் பிடித்தவர், டீ பிரேக்கில் யாரும் பக்கத்தில் வராதது, இவைதான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இப்போது உங்கள் மனதில் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது அப்பா இல்லை, முப்பது பேர் முன்னால் பட்ட அவமானம். அப்பாவோடான பாக்கி அதற்குப் பின்னால் இருக்கிறது, அது ஓடிப்போகாது. எது முன்னால் நிற்கிறதோ அதிலிருந்துதான் தொடங்கவேண்டும். நிஜமான கெஸ்டால்ட் சிகிச்சையாளரும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மகன் படிப்பதும் உங்களுக்கு நடந்ததும்

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. கெஸ்டால்ட் என்பது ஜெர்மன் சொல், உருவம், முழு வடிவம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பியதில்தான் உங்கள் பயிற்சியாளரின் வியாபாரமே நடக்கிறது.

முதலாவது, உளவியல் ஆராய்ச்சி. 1890இல் கிறிஸ்டியான் ஃபான் எரென்ஃபெல்ஸ் என்பவர் ஒரு மெட்டைப் பற்றி யோசித்தார். ஒரே பாட்டை ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் அதே பாட்டுத்தான் என்று நமக்குத் தெரிகிறது, ஒலிக்கும் ஸ்வரங்களின் சுருதி எல்லாமே மாறிவிட்டபோதும். அப்படியானால் பாட்டு என்பது தனித்தனி ஒலிகளில் இல்லை, அவை ஒன்றுக்கொன்று நிற்கும் உறவில் இருக்கிறது. 1910இல் மாக்ஸ் வெர்தைமர் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர், ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஒரு பொம்மை வாங்கி, அசையாத படங்கள் அசைவதாகத் தெரிவது எப்படி என்று பார்க்கத் தொடங்கினார். இரண்டு கோடுகளைச் சின்ன இடைவெளி விட்டு மாற்றி மாற்றிக் காட்டினால், கண்ணுக்கு ஒரே கோடு நகர்வதாகத் தெரியும். எதுவும் நகரவில்லை, ஆனால் நகர்வு தெரிகிறது. அந்தச் சோதனைகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வொல்ஃப்காங் கோலரும் குர்ட் கோஃப்காவும். 1912இல் கட்டுரை வெளியானது, அந்த மூவரிடமிருந்துதான் கெஸ்டால்ட் உளவியல் வளர்ந்தது.

பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாகப் பார்க்கும், ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும், இடைவெளி விட்ட வட்டத்தை முழு வட்டமாகப் பார்க்கும், ஒன்று முன்னால் வந்தால் மற்றது பின்னணியாகப் போய்விடும். டென்மார்க்கின் எட்கர் ரூபின் வரைந்த, ஒரு பார்வையில் ஜாடியாகவும் மறு பார்வையில் எதிரெதிரே இரண்டு முகங்களாகவும் தெரியும் படத்தை மகனிடம் கேட்டால் காட்டுவான். லோகோ வரைபவர்களுக்கு இதெல்லாம் அன்றாடச் சோறு. பயிற்சியில் போர்டில் எழுதிப்போட்டதாகச் சொன்னீர்களே, 'முழுமை பகுதிகளின் கூட்டுத்தொகையை விடப் பெரியது' என்று, அதைக் கோஃப்கா அப்படிச் சொல்லவில்லை. முழுமை வேறு ஒன்று, கூட்டுத்தொகை வேறு என்றுதான் சொன்னார்.

இரண்டாவது, சிகிச்சை. ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், அவருடைய மனைவி லாரா பெர்ல்ஸ் இருவரும் ஜெர்மனியில் ஃபிராய்டின் மனப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்றவர்கள், யூதர்கள். ஹிட்லர் வந்ததும் 1933இல் நெதர்லாந்துக்குத் தப்பி, அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போய், போருக்குப் பிறகு நியூயார்க் வந்தார்கள். ஃபிரிட்ஸ் அதற்கு முன்பு ஃபிராங்க்ஃபர்ட்டில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவரிடம், முதல் உலகப் போரில் மூளையில் காயம்பட்ட சிப்பாய்களோடு வேலை செய்தவர். லாரா அதே ஊரில் கெஸ்டால்ட் உளவியலை நேரடியாகப் படித்தவர். 1951இல் பால் குட்மன், ரால்ஃப் ஹெஃபர்லைன் இருவரோடு சேர்ந்து ஃபிரிட்ஸ் வெளியிட்ட நூலோடு இந்தச் சிகிச்சை முறை பெயர் பெற்றது. முன்னால் நிற்பது, பின்னணி, முழுமை என்ற சொற்களை உளவியலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மனப்பகுப்பாய்விலிருந்து கொஞ்சம், பிரச்சினையை நடித்துப் பார்க்கவைக்கும் மோரெனோவின் சைக்கோடிராமா முறையிலிருந்து கொஞ்சம், ஜென் பௌத்தத்திலிருந்து கொஞ்சம் என்று சேர்த்தார்கள். பழைய கெஸ்டால்ட் உளவியல்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. மேரி ஹென்லே என்ற உளவியலாளர், பெயரைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுமில்லை என்ற அளவுக்குக் கறாராக எழுதினார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனால் மகன் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'பாதி வட்டத்தை மூளை மூடியே தீரும், அதுபோல உங்கள் துக்கமும் மூடப்படாவிட்டால் நோயாகும்' என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஆதாரமாக ஜெய்கார்னிக் பெயரையும் சொன்னார்களாம். ப்ளூமா ஜெய்கார்னிக் 1927இல் பெர்லினில் செய்த ஆய்வு, புதிர், சின்னச் சின்னக் கைவேலை மாதிரியான காரியங்களைப் பாதியில் நிறுத்தினால் அவை பின்னால் அதிகம் ஞாபகம் வருகின்றனவா என்பது பற்றியது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவு ஒரே மாதிரி வரவும் இல்லை. புள்ளிக்கோட்டு வட்டத்திலிருந்தும் பாதியில் விட்ட புதிரிலிருந்தும், பேசாமல் செத்துப்போன அப்பாவுக்குத் தாவ முடியாது. முடிக்காமல் நின்றுபோன உறவுகள் மனதை அரிக்கும் என்பது உண்மை, சிகிச்சையில் அதைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் அதற்கு ஒரு கெடு கிடையாது. மூடாவிட்டால் வெடிக்கும் என்பது மிரட்டல்.

காலி நாற்காலி எப்படி நடந்திருக்க வேண்டும்

உங்கள் கணவர் சொல்வதுபோல நாற்காலி முறையே டிராமா என்றும் தள்ளிவிட முடியாது. கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் மாதிரி நெருங்கியவரோடு தீராத மனக்கசப்பு உள்ளவர்களுக்கு, ஒரு சிகிச்சையாளரோடு தனியாக, பல வாரங்கள் நடந்த சிகிச்சையில் நல்ல பலன் தெரிந்தது. அதில் கவனிக்க வேண்டியது, பலன் கிடைத்தவர்கள் கோபத்தைக் கொட்டியதோடு நின்றுவிடவில்லை. கோபத்துக்கு அடியில் இருந்த ஏக்கத்தையும் சொன்னார்கள், 'எனக்கு உன்னிடமிருந்து இது வேண்டியிருந்தது' என்று. எதிர் நாற்காலியிலும் போய் உட்கார்ந்து, அந்த மனிதராகவும் பேசிப் பார்த்தார்கள். அவரைப் பற்றிய பார்வை அங்கேதான் கொஞ்சம் அசைகிறது.

உங்களை யாரும் அந்தத் துண்டு போட்ட நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. கத்தச் சொன்னார்கள், கத்தியதும் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

சரியாக நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அறையில் இருப்பது நீங்களும் சிகிச்சையாளரும் மட்டும். "அப்பா பேசாததெல்லாம் பரவாயில்லைங்க" என்கிறீர்கள். (கடிதத்தில் அப்பா வருகிற இடத்திலெல்லாம் இந்தப் 'பரவாயில்லை' கூடவே வருகிறது.) சொல்லும்போது உங்கள் கை முந்தானை நுனியைச் சுருட்டி இறுக்குகிறது. அவர் அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டார். "இப்ப உங்க கை என்ன பண்ணுது?" என்று கேட்பார். நீங்கள் பார்க்கிறீர்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க... இந்தக் கை பேசினா என்ன சொல்லும்?" சில சமயம் ஒன்றும் வராது, அதோடு விட்டுவிடுவார். சில சமயம் "விடமாட்டேன்" என்று வரும், சொன்னவருக்கே திகைப்பாக இருக்கும். அன்றைக்கு அவ்வளவுதான். நாற்காலிக்கு வர இன்னும் எத்தனையோ வாரம் ஆகலாம், வராமலேயும் போகலாம். வந்தாலும், முடிந்த பிறகு மூச்சு சீராகி, கால் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, வீட்டுக்கு யாரோடு போகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் அனுப்புவார்கள்.

அப்படியானால் இந்த மேடைக் காட்சி எங்கிருந்து வந்தது? 1960களில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் கலிபோர்னியாவின் எசலன் என்ற பயிற்சி மையத்தில் பெரிய கூட்டங்கள் முன்னால் ஒருவரை 'ஹாட் சீட்'டில் உட்காரவைத்துச் செய்து காட்டினார். அவர் அதில் கெட்டிக்காரர், பார்ப்பவர்களை அசரவைத்தார், அந்தப் படங்களும் பதிவுகளும்தான் உலகம் முழுக்கப் போயின. நியூயார்க்கில் இருந்த லாரா அவசரப்படுத்தாமல், ஆளுக்கு எவ்வளவு பிடிமானம் இருக்கிறதோ அந்த அளவுக்கே போனார். இன்றைக்கு முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் லாராவின் வழிக்குத்தான் நெருக்கம். ஐரோப்பாவில் இதற்குப் பொதுவாக நாலு வருடப் பயிற்சி. ஒரு வார இறுதியில் சான்றிதழ் வாங்கி வந்தவர்கள் கையில் இருப்பது மேடைக் காட்சி மட்டும்தான்.

இதன் ஆபத்தும் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஸ்டான்ஃபோர்டில் லீபர்மன், யாலோம், மைல்ஸ் மூவரும் சுமார் 200 மாணவர்களைப் ஒருவர் முன் ஒருவர் மனம் திறந்து பேசும் பலவகை 'என்கவுன்டர்' குழுக்களில் சேர்த்து ஆராய்ந்தார்கள், கெஸ்டால்ட் குழுக்களும் அதில் உண்டு. 1973இல் வந்த முடிவின்படி ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு மாதக்கணக்கில் நீடித்த மனச் சேதம் ஏற்பட்டிருந்தது. அது அதிகம் நடந்தது, தலைவர் கவர்ச்சியாகவும் ஆவேசமாகவும் இருந்து, ஆட்களைத் துருவித் துருவி உணர்ச்சியைக் கிளறிய குழுக்களில். ஆகவே 'எல்லாரும் சரியாகத்தானே இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன்' என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்குள் எதுவும் உடைந்துபோகவில்லை. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் தாங்க முடியாததைத் திறந்துவிட்டார்கள், அதற்கு உங்கள் உடம்பு காட்டும் பதில்தான் இந்த வியர்வையும் தூக்கமின்மையும். கவனித்தால் பெரும்பாலும் தணியும்.

அழாதது பற்றி

சாவு வீட்டில் அழாததை நீங்களே குற்றமாக வைத்திருக்கிறீர்கள், பயிற்சியாளரும் அதையே பிடித்துக்கொண்டார். அழாத துக்கம் உள்ளே நஞ்சாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை, ஆராய்ச்சி அதைத் தாங்கவில்லை. ஜார்ஜ் பொனானோ போன்ற உளவியலாளர்கள் இறப்புக்குப் பின் மனிதர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பெரிதாக அழாமல் ஓரளவு நிதானமாகவே இருந்தவர்கள் நிறையப் பேர், அவர்களுக்குப் பின்னால் தள்ளிப்போட்ட துக்கம் வந்து மோதவும் இல்லை. கத்தினால் கோபம் தீரும் என்பதும் அப்படித்தான். தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது, சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை என்று பிராட் புஷ்மன் 2002இல் காட்டினார். உங்கள் அப்பா உங்களுக்கு உயிரோடு இருக்கும்போதே கிட்டத்தட்ட இல்லாமல் போனவர். அந்தத் துக்கத்தை நீங்கள் கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே அழுது வந்திருக்கிறீர்கள் என்றுதான் கடிதத்தைப் படித்தால் எனக்குத் தோன்றுகிறது. சித்தி, அத்தைகளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பணமும் வீடியோவும்

வீடியோவை முதலில் கவனியுங்கள். ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாட்ஸாப்பிலும் போடுங்கள்: படம் எடுக்க நான் சம்மதிக்கவில்லை, யாரிடம் இருந்தாலும் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி கொடுங்கள், எங்கும் பகிரக்கூடாது. போனில் பேசாதீர்கள், எழுத்தில்தான் இருக்கவேண்டும். ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். எங்காவது வெளியிட்டால் உடனே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், அதற்கு இந்த எழுத்து உதவும்.

பணம் கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகும் வழி இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். விளம்பரத்தில் 'சிகிச்சை', 'குணமாகும்' என்று போட்டிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் முக்கியம். ஆனால் நேராகச் சொல்கிறேன், 9,500 ரூபாய்க்காக அந்த மதியத்தை மறுபடி மறுபடி விவரிக்க வேண்டியிருக்கும். தூக்கம் திரும்பும் வரை தள்ளிவைத்துவிட்டு, அப்புறம் ஒரு வழக்கறிஞரிடம் பேசி முடிவெடுப்பது நல்லது. சான்றுகளை மட்டும் இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

இனி யாரிடம் போவது

நம் நாட்டில் 'கவுன்சலர்', 'ஹீலர்', 'தெரபிஸ்ட்' என்று யாரும் பலகை மாட்டிவிட முடிகிறது. 2021இல் இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது, அது இன்னும் முழுசாக நடைமுறைக்கு வரவில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கவேண்டும், கேட்டால் தரவேண்டும், கேட்பதில் தப்பே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருத்துவரைச் செலவில்லாமல் பார்க்கலாம்.

கெஸ்டால்ட் முறையே வேண்டும் என்று தேடவேண்டியதில்லை, அந்தப் பெயரைக் கேட்டு ஓடவும் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டு, "நாற்காலி வைத்துச் செய்வது எதுவும் எனக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் "சரி" என்பார், எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார். அந்தச் 'சரி'க்குப் பதில் 'எதிர்ப்பு மனநிலை' என்று ஏதாவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசி வரியில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த நாற்காலியிடமும் இருந்திருக்காது. ஆனால் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து பேரனைத் தூக்கிக்கொண்டவர் இன்னும் இருக்கிறார். இத்தனை வருடம் அந்த வீட்டில் உங்கள் பெயர் எப்போது வந்தது, எப்படி வந்தது, வராமலே போனதா என்பது அம்மாவுக்குத் தெரியும். பதில் நீங்கள் விரும்பியபடி இல்லாமலும் போகலாம், அதனால் தூக்கம் சீரான பிறகு, சிகிச்சையாளரிடம் பேசிவிட்டுப் போய்க் கேளுங்கள். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், ரொம்பவும் தள்ளிப்போடவேண்டாம்.